நாடாவில் தொடங்கிய நெடும்பயணம்

சங்ககிரி மலைக்கோட்டையைச் சூழ்ந்து விரிந்துள்ள சமவெளியில் இடைப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு முதலிய ஊர்கள் தறித்தொழிலால் பெயர் பெற்றவை. அவ்வூர்த் தெருக்களில் செல்வோர் செவிகளில் விசைத்தறியின் ஓசை இடையறாது ஒலிக்கும். அவ்வோசை எழுவது எதனால்? பாவிழைகளுக்கு ஊடே ஊடையிழையை ஏந்திச் செல்லும் நாடாவை ஒரு கோல் ஓங்கி அடிக்கின்றது. மறுபுறம் சென்று மோதி நிற்கும் நாடாவை ஆங்குள்ள கோல் திருப்பி அடிக்கின்றது. இவ்வாறு அடிபட்டும் மோதியும் நாடா தேய்கின்றது, விசையும் வீணாகின்றது. அடியாமலும் தொடாமலும் நாடாவைச் செலுத்த இயலாதா? இவ்வினா இங்கிலாந்து நாட்டு இளைஞர் ஒருவர் உள்ளத்தில் எழுந்தது. அதனை விடாது பற்றிச் சென்ற அவர், தொடர்வண்டிக்கே புதியதொரு வழியைக் கண்டார். அவரே எரிக் லெய்த்வெய்ட் என்னும் பொறியியல் அறிஞர்.

லெய்த்வெய்ட் 1921ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14ஆம் நாள் லங்காஷயரைச் சேர்ந்த ஆதர்டன் என்னும் ஊரில் பிறந்தார். பருத்தி ஆலைகளால் உலகப் புகழ் பெற்ற நிலப்பகுதி அது. கையால் எறிந்துவந்த நாடாவைக் கயிற்றால் இழுத்துப் பறக்கச் செய்யும் முறையை 1733இல் கண்ட ஜான் கே என்பவரும் அப்பகுதியினரே. இத்தகைய மண்ணில் பிறந்தவருக்குத் தறியின்மீது நாட்டம் சென்றதில் வியப்பில்லை.

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்தபோது, 1941இல் அவர் விமானப்படையிற் சேர்ந்தார். விமானங்களைத் தாமே வழிச்செலுத்தும் கருவிகளைச் சோதிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. போர் முடிந்தபின் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்திற் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். பின்னர் ஆங்கே ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார்.

அக்காலத்தில்தான் நாடாவைக் காந்த ஆற்றலாற் செலுத்தும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அதனை அறிந்துகொள்ள, மின்மோட்டார் இயங்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மோட்டாரின் வெளிக்கூட்டில் செப்புக் கம்பிச் சுருள்கள் வட்டமாக அமைந்துள்ளன. அவற்றில் மாறுமின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும்போது, காந்தப்புலம் சுழன்றுகொண்டே செல்லும். அப்புலம் நடுவிலுள்ள உருளையில் மின்னோட்டத்தைத் தூண்டித் தன்னுடன் அதனை இழுக்கும், உருளை சுழலும். இனி, சுருட்டிய பாயை விரிப்பதுபோல அவ்வட்டக் கூட்டினை வெட்டி நீளவாக்கில் விரித்துவிட்டதாகக் கொள்வோம். காந்தப்புலம் சுழலாது, நேராக ஓடும். அதன்மீது ஓர் அலுமினியத் தகட்டை வைத்தால், அத்தகடும் நேராக ஓடும். சக்கரமும் பற்சக்கரமும் இன்றி நேரியக்கம் பிறக்கின்றது. இதுவே நேர்கோட்டு மோட்டார் எனப்படும்.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வீட்ஸ்டன் முதலியோர் இத்துறையில் முயன்றனர். ஆயினும் அம்முயற்சிகள் பெரும்பயன் அளிக்கவில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த அக்கருத்திற்கு லெய்த்வெய்ட் மீண்டும் உயிரூட்டினார்.

நாடாவைச் செலுத்தும் முயற்சி எளிதாக இல்லை. தறியின் அகலமோ சிறிது. நாடா விரைவெடுத்த மறுகணமே நிற்றல் வேண்டும். இத்தகைய குறுகிய ஓட்டத்தில் நேர்கோட்டு மோட்டார் தன் முழுத்திறனையும் காட்ட இயலாது. காலப்போக்கில், காற்றாலும் நீராலும் ஊடையிழையைச் செலுத்தும் நாடாவில்லாத் தறிகள் பெருகின. நாடாவுக்கென எழுந்த எண்ணம் தறியில் நிலைபெறவில்லை. பிறர் எனின் அத்துடன் சோர்ந்திருப்பர். லெய்த்வெய்ட் தளரவில்லை. குறுகிய வழியில் சிறவாத பொறி நெடிய வழியிற் சிறத்தல் கூடும் எனத் தெளிந்தார். அவர் கருத்து தொடர்வண்டியின்பாற் சென்றது.

வண்டியின் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றியே உந்துகின்றது. அப்பிடிக்கு ஓர் எல்லை உண்டு. நேர்கோட்டு மோட்டாருக்கோ அப்பிடி வேண்டுவதில்லை. வண்டியைத் தரையினின்றும் சற்றே உயர்த்திவிட்டால் சக்கரமும் வேண்டாம்.

1964இல் அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரியிற் பேராசிரியரானார். பாரடே 1825இல் தொடங்கிவைத்த கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 1966இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்காக நிகழ்த்தினார். வியத்தகு சோதனைகளைக் கண்முன்னே செய்துகாட்டிய அவரைத் தொலைக்காட்சி வாயிலாக நாடே அறிந்தது. பின்னர், ஒரே காந்தப்புலம் தகட்டினைத் தூக்கவும், விலகாது காக்கவும், முன்னே செலுத்தவும் வல்ல அமைப்பொன்றைச் செய்துகாட்டி, அதனைக் காந்த ஆறு என வழங்கினார். ஆற்றுநீர் ஓடத்தைத் தாங்கிச் செல்வதுபோல அப்புலம் தகட்டினைத் தாங்கிச் சென்றது.

புகழுடன் இடையூறும் வந்தது. காற்று மெத்தையின்மீது மிதந்து, நேர்கோட்டு மோட்டாரால் ஓடும் வண்டியொன்றை ஆங்கில அரசு கேம்பிரிட்ஜுக்கு அருகே சோதித்துவந்தது. லெய்த்வெய்டின் கருத்துகள் அதற்குத் துணைநின்றன. 1973 பிப்ரவரியில் அவ்வண்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் ஓடியது. அதே திங்களில் பொருட்செலவு கருதி அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டில் சுழலும் பம்பரங்கள் நியூட்டன் விதிகளுக்கு அடங்கா என்னும் கருத்தினை அவர் அவையில் வெளியிட, அறிஞர் பலர் எதிர்த்தனர். பின்னர், அவை அவ்விதிகளுக்கு அடங்கியனவே என அவரே ஏற்றுக்கொண்டார். பிழையை ஏற்றல் பெருமைக்கு இழுக்கன்று என்பதற்கு இது சான்றாகும். பொறிகளையேயன்றி அந்துப்பூச்சிகளையும் வண்ணத்துப் பூச்சிகளையும் விரும்பி ஆராய்ந்த அவர், அவற்றுக்கு ஓர் அகராதியும் துணையாசிரியர்களுடன் இயற்றினார்.

அவர் விதைத்தது வீணாகவில்லை. 1984இல் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் காந்தத்தால் மிதந்து நேர்கோட்டு மோட்டாரால் ஓடும் சிறுவண்டி பயணிகளை ஏற்றத் தொடங்கி, 1995 வரை இயங்கிற்று. ஜப்பானில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் சுரங்க வழிகளில் சக்கரங்கள் பளுவைத் தாங்க, நேர்கோட்டு மோட்டார் உந்தும் வண்டிகள் ஓடலாயின. அவர் கண்டதினின்றும் சற்று வேறுபட்ட நேர்கோட்டு மோட்டாரைக் கொண்டு, 2015இல் ஜப்பானியச் சோதனை வண்டி மணிக்கு 603 கிலோமீட்டர் விரைவை எட்டியது.

விண்கலத்தைக் காந்தப் பாதையில் உந்தி ஏவும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காலத்தில், 1997 நவம்பர் 27ஆம் நாள் லெய்த்வெய்ட் உலக வாழ்வை நீத்தார்.

ஒரு நாடாவைக் கண்டு எழுந்த வினா இத்துணைத் தொலைவு சென்றது. சங்ககிரிப் பகுதித் தறிகளிலும் அந்நாடா நாள்தோறும் ஓடுகின்றது. அதன் ஓசையைக் கேட்டுப் பழகிய செவியினரும், அது ஏன் எழுகின்றது என ஒருமுறை வினவுதல் வேண்டும். வினவுதலும், முதல் முயற்சி தவறியபோது வேறு வழி தேடுதலும் கற்பவர்க்கு இன்றியமையாத இயல்புகளாம்.