தோட்டத்தில் ஓடிய புகைவண்டி

மிக்கி என்னும் எலியைத் திரையில் உலவவிட்டு உலகைச் சிரிக்கவைத்த வால்ட் டிஸ்னி, 1901ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பிறந்தார். இளமையில் புகைவண்டிகளில் செய்தித்தாள் விற்ற அவர்தம் நெஞ்சைவிட்டு அவ்வண்டிகள் என்றும் அகலவில்லை.

1950ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் இல்லத் தோட்டத்தில் ஏறத்தாழ அரை மைல் நீளச் சிற்றிருப்புப் பாதை அமைத்தார். முந்திய நூற்றாண்டு நீராவி எஞ்சின் ஒன்றை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்து, மனைவியார் லில்லியனின் பெயரால் ‘லில்லி பெல்’ என அழைத்தார். அம்மையாரின் பூந்தோட்டம் கெடாவண்ணம் அதன்கீழ் 90 அடிச் சுரங்கமும் அமைத்தார். செல்வராயிருந்தும், வண்டிப் பெட்டிகளுக்குத் தாமே மரம் இழைத்தார் என்பது வியப்பன்றோ!

விருந்தினர்க்கும் வண்டியோட்ட இசைவளித்தார், அதுவே இடராயிற்று. 1953இல் ஒருவர் விரைந்தோட்ட, எஞ்சின் தடம்புரண்டது; கொதிநீராவி பட்டுச் சிறுமி ஒருத்தி புண்பட்டாள். ஆசையோடு செய்த வண்டியை அத்துடன் நிறுத்திவிட்டார். 1955இல் அவர் திறந்த டிஸ்னிலாந்துப் பூங்காவைச் சுற்றிப் பெரிய நீராவி வண்டி ஓடிற்று. அதில் ஊர்ச் சிறுவரெல்லாம் ஏறினர்.