ஐந்தாவது கட்டம்



நம்ம சோமனூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா, திருப்பூர் தாண்டினதும் ஈரோடு. அந்த ஈரோட்டில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில், 1887 டிசம்பர் 22ல் பிறந்தவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம். அவருடைய அப்பா ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். எங்க வீட்டிலும் துணிக் கணக்குதான். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் அவர் தேறவில்லை. உதவித்தொகை நின்றது. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குக் குமாஸ்தா ஆனார். மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913ல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914ல் கப்பலேறினார்.

அங்கே அவர் ஆராய்ந்த ஒன்று: ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4 என்றால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதம். 200 என்றால் கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி விதம்! மேஜர் மக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டார். அதைப் பார்த்த இராமானுஜன் கண்ணில் ஒன்று பட்டது. 4, 9, 14, 19 என்று வரும் எண்களுக்கு உரிய விடை எல்லாமே 5ஆல் வகுபடும். 1919ல் அதற்கு நிரூபணமும் வெளியிட்டார்.

நான் கம்ப்யூட்டர் லேப்பில் எக்ஸெல்லில் வரிசைக்கு ஐந்தாகப் போட்டேன் (0க்கு 1 என்று வைப்பார்கள்):

1, 1, 2, 3, 5
7, 11, 15, 22, 30
42, 56, 77, 101, 135
176, 231, 297, 385, 490

கடைசிக் கட்டத்தைப் பாருங்க!

அப்பத்தான் என் தப்பு எனக்கு உறைச்சது. எங்க வீட்டில் நாலு தறி, நாலிலும் ஒரே ரகத் துணி. அப்பாவின் கூலிக் கணக்கை நான்தான் எக்ஸெல்லில் போடுவேன். எல்லாத் தறி மீட்டரையும் ஒரே பத்தியில் கொட்டி, கால்குலேட்டரில் கூட்டின தொகையைக் கீழே அடிச்சிருந்தேன். ஒரு மீட்டரைத் திருத்தினப்போ தொகை மாறவே இல்லை. அம்மா நோட்டைப் பார்க்காம இருந்திருந்தா அந்த வாரக் கூலி குறைஞ்சிருக்கும்.

மறுபடி போட்டேன். வாரத்துக்கு ஒரு வரிசை, தறிக்கு ஒரு பத்தி, கூட்டலுக்குச் சூத்திரம். மூணாவது தறி மட்டும் எல்லா வாரமும் குறைச்சல்! கரண்ட் போறதாலதான் ஓட்டம் குறையுதுன்னு அப்பா நினைச்சிருந்தார். கரண்ட் போனா நாலு தறியும்தானே நிற்கும்? ஃபிட்டர் வந்து பார்த்தார். பெல்ட் தளர்ந்திருந்தது.

எண்களை ஒழுங்கா நிறுத்தி வைச்சா அதுங்களே பேசும். ஆனா உத்துப் பார்க்கிற கண்ணும் வேணும். அது இராமானுஜனுக்கு இருந்தது.

1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானவர், நோயோடு 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ல் சென்னையில் மறைந்தார். வயது 32தான். அவர் பிறந்த நாள்தான் தேசியக் கணித தினம்.

நண்பர்களே, மேலே உள்ள 20 எண்களையும் வரிசைக்கு ஏழாக எழுதிப் பாருங்க. எந்தக் கட்டத்தில் 7 ஒளிஞ்சிருக்கு? கண்டுபிடிச்சவங்க எங்க வகுப்புக்கு வந்து சொல்லுங்க!

– 9ஆம் வகுப்பு மாணவி