கர்ஸன்தாஸ் மூல்ஜி

பத்திராதிபரின் பேனாவுக்கும் பிறர் மானத்துக்கும் நடுவே எல்லை எங்கே என்ற கேள்வியை, 1862-ம் வருஷத்துப் பம்பாய் மகாராஜ் வழக்கைப் போல் ஊரறிய உரைத்துப் பார்த்த வழக்கு வேறொன்றை நாம் அறியோம்.

அதில் பிரதிவாதியாக நின்ற கர்ஸன்தாஸ் மூல்ஜி, 1832-ல் குஜராத்தி வைசியக் குடும்பமொன்றில் பிறந்து, எல்பின்ஸ்டன் கல்விச்சாலையில் ஆங்கிலம் பயின்றவர். விதவா விவாகத்தைப்பற்றி வியாசம் எழுத முற்பட்ட குற்றத்துக்காக, அவரை வளர்த்த மூதாட்டியே வீட்டை விட்டு வெளியேற்றினாள். அவர் அதனால் அடங்கினாரில்லை. 1855-ல் ஸத்யபிரகாசம் என்னும் குஜராத்தி வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

1860 அக்டோபர் 21-ல் அதில் வெளியான கட்டுரை, வல்லப சம்பிரதாயத்து மகாராஜர்களின் ஒழுக்கத்தைக் கண்டித்ததோடு நில்லாமல், பக்தைகளைக் கெடுப்பவரென்று ஜதுநாத்ஜி மகாராஜைப் பெயர் குறித்தே சாடியது. கொள்கையைக் கண்டிப்பது வேறு. ஒரு மனிதன்மீது இத்தகைய பழியைச் சுமத்துவது வேறு. பழி பொய்யானால் அம்மனிதனுக்குப் பரிகாரம் அளிக்காத சட்டம் சட்டமாகாது. ஆகையால் மகாராஜ் 1861-ல் ஐம்பதினாயிரம் ரூபாய் கோரி வழக்குத் தொடுத்ததை நாம் தவறென்று சொல்லோம். அச்சிட்ட நானாபாய் ருஸ்தம்ஜி ராணினாவும் பிரதிவாதியானார்.

கர்ஸன்தாஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுதியது மெய் என்றே வாதாடினார். அந்த வாதத்தின் பாரம் முழுவதும் வாதாடுபவன் தலையில்தான் விழும். சாக்ஷிகள் வரவேண்டுமே! மகாராஜுக்கு விரோதமாக எவரும் சாக்ஷி சொல்லலாகாதென்று பாட்டியா ஜாதித் தலைவர்கள் கூடிக் கட்டுப்பாடு செய்தார்கள். அதற்காக அவர்கள் மீது தனி வழக்கு நடந்து அபராதமும் விதிக்கப்பட்டது. அக்கட்டுப்பாடு மட்டும் பலித்திருந்தால், மெய்யே அவதூறாகத் தீர்ப்புப் பெற்றிருக்கும்.

விசாரணை 1862 ஜனவரி 25-ல் தொடங்கிற்று. அறுபதுக்கு மேற்பட்ட சாக்ஷிகள் வந்தார்கள். டாக்டர் பாவு தாஜி, மகாராஜின் மேகநோய்க்குத் தாம் வைத்தியம் செய்ததாகச் சாக்ஷியம் அளித்தார். நோயாளியின் அந்தரங்கத்தை வைத்தியர் சபையில் உரைப்பது எளிய காரியமன்று. பிரமாணம் செய்தபின் மறைப்பதும் தகாது.

ஏப்ரல் 22-ல் பிரதம நீதிபதி ஸாஸ்ஸும் நீதிபதி ஆர்னால்டும் கட்டுரையின் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதென்று தீர்த்தார்கள். பிரதிவாதிக்கு 11,500 ரூபாய் செலவுத்தொகை கிடைத்தது.

அவ்வருஷம் ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த பீனல் கோடோ, மெய்யாயிருந்தால் மட்டும் போதாது, பொதுநன்மையும் வேண்டும் என்றது. தவறினால் இரண்டு வருஷம் வரை சிறை. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு இது செல்லுமென்றது. 2024-ல் அமுலான புதிய சட்டமும் சிறையை விலக்கவில்லை. மானம் இழந்தவன் நஷ்டஈடு பெறட்டும். எழுதியவனுக்குச் சிறை எதற்கென்பது நமக்கு விளங்கவில்லை.

கர்ஸன்தாஸ் 1863-ல் இங்கிலாந்து சென்றார். கடல் கடந்ததற்காக ஜாதியார் அவரை விலக்கினர். பின்னர் கத்தியவார் சமஸ்தானங்களில் நிர்வாக உத்தியோகம் பார்த்து, 1871-ல், தமது முப்பத்தொன்பதாம் வயதில் காலமானார். ஜாதியாரின் விலக்கை எதிர்த்து முறையிட எந்தக் கோர்ட்டும் அவருக்கு இருக்கவில்லை.