தமிழில் நீதி தந்த வேதநாயகர்

நம் பங்கின் ஜூபிலி ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நன்றியோடு நினைவுகூர்கிறோம். 1826-இல் திருச்சி அருகே குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இப்பெருமகனார் மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கினார்.

வழக்கு ஆங்கிலத்தில் நடந்தமையால், வழக்காடும் ஏழைக்குத் தன் வழக்கே விளங்கவில்லை. ஆகவே மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். பெண் கல்விக்காகப் ‘பெண்மதி மாலை’ இயற்றியதோடு, மாயூரத்தில் பெண்களுக்குப் பள்ளியும் கண்டார். 1879-இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் தமிழின் முதல் நாவலிலும், நீதிமன்றங்களில் தமிழ் ஒலிக்க வேண்டுமென வாதிட்டார். 1889-இல் இறைவனடி சேர்ந்தார்.

தாய்மொழியில் எழுத்தறிந்தவரை எவரும் எளிதில் ஏய்க்க இயலாது. கரிக்கலாம்பாக்கத்து இளைஞரே, பத்திரம் படிக்கவும் மனு எழுதவும் பிறர் கையை எதிர்பார்க்கும் முதியோருக்கு மாலைதோறும் கற்றுக்கொடுங்கள். அதுவே நாம் செலுத்தும் ஜூபிலிக் காணிக்கை.