பாலத்தருகே நின்ற வரிசை

ஜாவாவோ பைத்தானோ கற்கும் மாணவர் பலர் ‘கிளாஸ்’, ‘ஆப்ஜெக்ட்’ என்ற இரண்டு சொற்களில் ஒருமுறையாவது தடுக்கி விழுந்திருப்பார்கள். நானும் விழுந்தவன்தான். அவற்றின் பின்னுள்ள சிந்தனையைத் தந்த இருவருள் ஒருவர் கிரிஸ்டன் நைகார்ட். 1926ஆம் ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரில் பிறந்தவர்.

1948இல் நாட்டின் தற்காப்பு ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, அணு உலைக்கான கணக்குகளைப் போட்டார். 1960இல் நார்வே கணினி மையத்திற்கு மாறினார். துறைமுகம், தொழிற்சாலை போன்ற இடங்களில் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அவற்றைக் கணினியில் அப்படியே நடத்திப் பார்க்க ஒரு மொழி வேண்டும் என்று நினைத்தார். தம்மைவிட ஐந்து வயது இளையவரான ஓலே யோஹான் டாலுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மொழியே சிமுலா.

1966இன் இறுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. பாலத்தின் டோல் சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு வாகனமும் ஓர் ஆப்ஜெக்ட். அதற்கெனத் தனித் தகவல்களும் செயல்களும் உண்டு. லாரி எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிவைக்கும் வரைவே கிளாஸ். அதிலிருந்து எத்தனை லாரிகளை வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஆனால் லாரி வேறு, பேருந்து வேறு. இரண்டும் ஒரே வரிசையில் எப்படி நிற்கும்? வரிசையில் நிற்பதற்குத் தேவையானதை மட்டும் ஒரு பொதுக் கிளாஸாக எழுதி, லாரியும் பேருந்தும் அதன்மேல் தத்தம் தன்மைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். இன்று நாம் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்று படிப்பது இதைத்தான். கரும்பலகை முன் இருவரும் உரக்க விவாதிப்பதைப் பார்த்துப் புதிதாக வேலைக்கு வந்தவர் சண்டை என்றே பயந்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிமுலா 67.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்தோடு நைகார்டை விட்டுவிடுகின்றன. எனக்கோ அடுத்த பகுதிதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு தொழிற்சாலையையே கணினியில் வரைந்து காட்டும் கருவி நிர்வாகத்திடம் மட்டும் இருந்தால், தொழிலாளியின் வேலையை அவரைக் கேட்காமலே மாற்றி அமைக்கலாம். தாம் உருவாக்கிய மொழி அதற்கும் பயன்படும் என்பதை உணர்ந்த நைகார்ட், இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்திடம் சென்றார். 1970களில் சங்க உறுப்பினர்களோடு அமர்ந்து, கணினி அவர்களுடைய பணியிடத்தை என்ன செய்யும் என்று ஆராய்ந்தார். அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளப் பாடநூலும் உருவானது. புதிய கணினி முறை வருமுன் தொழிலாளர்களுக்குத் தகவல் தந்து, அவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் நார்வேயில் அதன் பிறகு வந்தன.

அரசியலும் அவரை விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேரக்கூடாது என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1994 வாக்கெடுப்பில் அவர் பக்கமே வென்றது.

கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருது, 2001ஆம் ஆண்டுக்காக இருவருக்கும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. 2002 ஜூன் மாத இறுதியில் டால் காலமானார். ஆறு வாரங்கள் கழித்து, ஆகஸ்டில், நைகார்டும் மறைந்தார்.