பரிசுத்த வாரத்தில் திறந்த சிறைக்கதவு

 

இந்த ஈஸ்டர் இதழிலே ஒரு தேவமனிதருடைய ஜீவிய சரித்திரத்தைச் சொல்லும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர் அல்ல. லுத்தரன் சபை ஊழியர். மரித்து முந்நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர் என்று சொன்னால் உங்களில் அநேகருக்குத் தெரியும்.

நம்ம பத்திரிகையிலே லுத்தரன் ஐயரைப் பற்றி ஏன் எழுதணும் என்று சிலர் கேட்கலாம். நானும் ஒரு காலத்திலே அப்படிக் கேட்டவன்தான். எங்க ஊர் சவேரியார் காலத்திலிருந்தே கத்தோலிக்கம் வேரூன்றின கடற்கரை. சாம்பல் புதன் தொடங்கி நாற்பது நாள் தபசு, குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, பாஸ்கா என்று ஊரே அசையும். நான் ரட்சிக்கப்பட்டு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த பிறகு, இதெல்லாம் வெறும் சடங்கு என்று மேடையிலே நின்று பரியாசமாய்ப் பேசினேன். லெந்து நாட்களை ஆசரிக்கிற லுத்தரன், சி.எஸ்.ஐ. சபையாரையும் விட்டுவைக்கவில்லை. அது வைராக்கியம் என்று அப்போது நினைத்தேன். அதிலே பாதி பெருமைதான் என்று இப்போது தெரிகிறது.

எனக்கு அதைக் காட்டின இடம் தரங்கம்பாடி. ஒரு ஜெபக்கூட்டத்துக்காக நாகப்பட்டினம் பக்கம் போனபோது, லெந்து நாள் ஒன்றிலே, அங்கே இருக்கிற புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். சீகன்பால்க் ஐயரை அந்த ஆலயத்துக்குள்ளேதான் அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். ஒரு வயதான தாயார் தரையைக் கூட்டி, அந்தக் கல்லறைப் பக்கத்திலே ஒரு நிமிஷம் நின்று ஜெபித்துவிட்டுப் போனார்கள். யார் இவர் என்று வாசித்துத் தெரிந்துகொள்ளணும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

சீகன்பால்க் 1682-ம் வருஷம் ஜெர்மனியிலே புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரிலே பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். அந்தத் தாய் மரணப் படுக்கையிலே பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களுக்குப் பெரிய பொக்கிஷம் ஒன்றை வைத்துவிட்டுப் போகிறேன், அதை வேதப்புத்தகத்திலே தேடுங்கள், அதன் ஒவ்வொரு பக்கத்தையும் என் கண்ணீரால் நனைத்திருக்கிறேன் என்று சொன்னதாக அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் எல்லாரும் சொல்லுகிறார்கள். ஒரு தாயின் ஜெபம் எவ்வளவு தூரம் போகும் பாருங்கள்! அந்தக் கண்ணீர் தமிழ்நாட்டுக் கரைவரைக்கும் வந்தது.

வாலிபனாய் ஹாலே பட்டணத்திலே பிராங்கே என்ற தேவமனிதரிடம் படித்தார். வாயினால் மட்டும் விசுவாசத்தை அறிக்கையிட்டால் போதாது, மனந்திரும்புதலும் மறுபிறப்பும் வேண்டும், வீடுகளிலே கூடி வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டும் என்று போதித்தவர்கள் அவர்கள். ஒரு வகையிலே நம்முடைய எழுப்புதல் கூட்டங்களுக்கு அவர்கள் முப்பாட்டன்மார். இது லுத்தரன் சபைக்குள்ளே நடந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

டென்மார்க் ராஜா நான்காம் பிரெடெரிக் ஊழியர்களைத் தேடினபோது, சரீர பெலவீனமுள்ள இந்த வாலிபனும், அவருடைய நண்பர் புளுட்சோ ஐயரும் புறப்பட்டார்கள். 1705 நவம்பரிலே கப்பல் ஏறி, 1706 ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ராஜா அனுப்பியும் கோட்டை அதிகாரிக்கு அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. வியாபாரம் பண்ண வந்த இடத்திலே சுவிசேஷம் எதற்கு என்பது அவர்களுடைய எண்ணம்.

ஐயர் சோர்ந்துபோகவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு தரையிலே உட்கார்ந்து, மணலிலே விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைச் சேகரித்து வாசித்தார். ஒரு தேசத்து ஜனத்தை நேசிக்கிறவன் அவர்களுடைய பாஷையையும் நேசிப்பான்.

இனி நான் சொல்லப்போகிறதைக் கவனியுங்கள். நாட்களை எண்ணிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாயிருந்தது.

1707-ம் வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 24. அது முடிந்து மூன்று வாரத்துக்குள்ளே, மே 12-ந் தேதி, ஐயருடைய ஊழியத்தின் முதல் ஞானஸ்நானம் நடந்தது. ஐந்து பேர். யார் தெரியுமா? பெரிய மனுஷர் இல்லை. டேனிஷ்காரர் வீடுகளிலே அடிமைகளாய் இருந்தவர்கள். உலகம் விலை போட்டு வாங்கின ஜனங்களை, விலைமதிப்பில்லாத இரத்தத்தினாலே மீட்கப்பட்டவர்கள் என்று அவர் சபையிலே நிறுத்தினார். அந்த வருஷமே ஆகஸ்ட் 14-ந் தேதி எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆயிற்று. கடலோரத்திலே கட்டின அந்த முதல் ஆலயத்தைப் பிறகு கடல் கொண்டுபோயிற்று. கடல் அரிப்பு என்றால் என்ன என்று பெரியதாழைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1708-ல் ஒரு சோதனை வந்தது. ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனி மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கும் இடையே இருந்த கடன் விவகாரம் அந்த ஏழை விதவையின் தலையிலே விழுந்தது. அவளுக்காகப் பேச ஆளில்லை. ஐயர் பேசினார். ஒரு தரம் இல்லை, பல தரம். டேனிஷ் ஆலயத்திலே அதிகாரியின் முன்பாக முழங்கால்படியிட்டு நியாயம் கேள் என்று அவளுக்கு யோசனையும் சொன்னார். கோட்டை அதிகாரி ஹாசியுஸ் கோபங்கொண்டு அவரை வரச்சொன்னான். எழுத்து மூலமாய் உத்தரவு தாருங்கள் என்று ஐயர் கேட்டார். அவரைக் கைது பண்ணினார்கள். விசாரணையிலே பதில் சொல்ல மறுத்ததினாலே சிறையிலே அடைத்தார்கள். அது 1708 நவம்பர் 19. ஒரு மாதத்துக்கு முன்னேதான் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே மொழிபெயர்க்க ஆரம்பித்திருந்தார். வேலை நின்றுபோயிற்று.

நாலு மாதம் சிறை. நம்ம ஊர் வெயிலும் புழுக்கமும் பழகாத பெலவீனமான சரீரம். அதற்குள்ளேயும் சும்மா இருக்கவில்லை. தேவனுக்குப் பிரியமான கிறிஸ்தவ ஜீவியத்தைப் பற்றி ஜெர்மன் பாஷையிலே புஸ்தகம் எழுதினார். 1709 மார்ச் 26-ந் தேதி விடுதலையானார். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 31. அப்படியானால் சிறைக்கதவு திறந்த நாள் பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை! ஆண்டவருடைய பாடுகளைச் சபை தியானிக்கிற வாரத்திலே, அவருடைய ஊழியன் காவலறையிலிருந்து வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் என்ன செய்தார்? இதுதான் என்னைக் குத்தின இடம். அடுத்த கப்பலிலே ஊருக்குப் போகவில்லை. எனக்கு அநியாயம் செய்த ஊர் என்று கால் தூசியை உதறிவிட்டுப் போகவில்லை. அதே தெரு, அதே ஜனம், அதே அதிகாரி. அவர்கள் நடுவிலேயே மறுபடியும் வேலையைத் தொடங்கினார். அந்த வருஷம் ஜூலையிலே கிரண்ட்லர் ஐயரும் இன்னும் இரண்டு பேரும் துணையாய் வந்தார்கள். நின்றுபோன மொழிபெயர்ப்பை எடுத்து, 1711 மார்ச் மாதம் புதிய ஏற்பாடு முழுவதையும் முடித்தார். அதுவும் லெந்து நாட்கள்தான். ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்தது. நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-லும், மீதி 1715-லும் அச்சாயிற்று. இந்திய பாஷை ஒன்றிலே அச்சிடப்பட்ட முதல் புதிய ஏற்பாடு தமிழ்தான்.

பழைய ஏற்பாட்டிலே ரூத் வரைக்கும் வந்தார். அதற்குமேல் அவருக்குத் தவணை இல்லை. பின்னே வந்த லுத்தரன் ஊழியர்கள் சூல்ச் ஐயரும், பப்ரிசியுஸ் ஐயரும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அந்த வழியாய்த்தான் வேதம் நம்ம கைக்கு வந்தது. முழு இரவு ஜெபத்திலே நாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுகிற இந்தப் புஸ்தகத்துக்குப் பின்னாலே, லெந்து நாட்களை ஆசரித்த ஒரு லுத்தரன் ஐயர் இருக்கிறார். இதை வாசித்த அன்றைக்கு என் பரியாசம் என் வாயிலேயே கசந்தது.

கடைசி நாட்களிலே அவருக்கு வந்த அடி அந்நியரிடமிருந்து வரவில்லை. கோப்பன்ஹேகனிலே மிஷன் காரியங்களைப் பார்த்த வெண்ட் என்பவர், ஆலயம் கட்டுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் அப்போஸ்தலருடைய வழி அல்ல என்று கடுமையாய் எழுதினார். தன் சொந்த ஜனமே தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்கிற வேதனை, ஏற்கெனவே நொந்துபோன சரீரத்தை இன்னும் நொறுக்கினது. புதிய எருசலேம் ஆலயத்தை 1718 அக்டோபர் 11-ந் தேதி பிரதிஷ்டை பண்ணினார். நாலு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23-ந் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 36. மனைவி மரிய டொரோத்தேயாவையும் பிள்ளைகளையும் விட்டுப் போனார்.

அந்த வருஷம் சாம்பல் புதன் பிப்ரவரி 22. மறுநாள் ஐயர் போய்விட்டார். ஈஸ்டரைக் காண இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அவர் ஈஸ்டர் இல்லாமல் போகவில்லை. மரண வேளையிலே உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லுகிற ஜெர்மன் பாட்டு ஒன்றைப் பக்கத்திலிருந்தவர்கள் பாடினார்கள் என்றும், சூரியன் முகத்திலே நேராய் அடிக்கிறது போல வெளிச்சமாயிருக்கிறதே என்று அவர் கண்ணைக் கையினால் மூடிக்கொண்டார் என்றும் சொல்லுகிறார்கள். அவர் விதைத்தது சாகவில்லை. சரியாக இருநூறு வருஷம் கழித்து, 1919-லே, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்று ஒரு சுதேச சபை எழும்பினது.

பிரியமானவர்களே, ஈஸ்டரை நாள் வைத்து ஆசரிக்கலாமா கூடாதா என்று தர்க்கம் பண்ண நான் இதை எழுதவில்லை. லெந்து ஆசரிக்கிறவனும் உயிர்த்தெழுதலின் வல்லமை இல்லாமல் இருக்கலாம். அந்நியபாஷை பேசுகிற நானும் அப்படி இருக்கலாம். உயிர்த்தெழுந்தவரை அறிந்தவன் யார் என்பதற்கு ஐயருடைய ஜீவியத்திலே நான் கண்ட அடையாளம் ஒன்றுதான்: தன்னை அடைத்துவைத்த ஜனத்திடம் அவன் திரும்பிப் போவான். சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தபோது, விட்டு ஓடினவர்கள் நடுவிலே ஆண்டவரே வந்து சமாதானம் சொல்லவில்லையா?

என் சாட்சியைச் சொல்லி முடிக்கிறேன். எங்க அம்மா இறந்தபோது, அடக்க பூசை நடந்த கோயிலுக்குள்ளே நான் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று வெளியே வாசலிலே நின்றேன். என் அண்ணன் தனியாய் உள்ளே நின்று அழுதான். அன்றைக்கு அடைந்த கதவு பல வருஷம் திறக்கவில்லை. ஒரே தெருவிலே இருந்தும் பேச்சு இல்லை. மேடையிலே ஆயிரம் பேருக்குச் சமாதானத்தைக் கூறினேன், எதிர்வீட்டுக்குக் கூறவில்லை.

தரங்கம்பாடியிலிருந்து வந்த அந்த வருஷம், பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்திப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அம்மா விஷயத்திலே நான் உன்னை நோகடித்துவிட்டேன் அண்ணே, மன்னித்துவிடு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து வலையின் மறுமுனையை என் பக்கமாய்த் தள்ளினான். பிடித்துக்கொண்டேன். மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். எங்களுக்குள்ளே உபதேசத்திலே இன்னும் வித்தியாசம் உண்டு. ஆனால் கதவு திறந்திருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களுக்கு அடைத்த கதவு ஏதாவது உண்டா? பங்காளி வீடா, பழைய சபையா, மருமகளா? ஈஸ்டர் அதிகாலை ஆராதனையிலே கையைத் தட்டிப் பாடுவதற்கு முன்னே, அந்த வாசல்வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். கல்லைப் புரட்டித்தள்ளினவர் உங்களுக்கு முன்னே போவார். அவருக்கே சகல கனமும் மகிமையும் உண்டாவதாக. ஆமென். அல்லேலூயா!