நட்சத்திரத்துக்கு ஏன் கூட்டல் குறி? வைணு பாப்பு விட்டுச்சென்ற தொலைநோக்கி

தொலைநோக்கியில் எடுத்த படங்களில் பிரகாசமான நட்சத்திரங்கள் மேல ஒரு கூட்டல் குறி தெரியுமே, கவனிச்சிருக்கீங்களா? அது நட்சத்திரத்தில் இல்லை. தொலைநோக்கிக்குள்ளே சின்னக் கண்ணாடியைத் தாங்கி நிற்கும் நான்கு உலோகத் தகடுகள் செய்யும் வேலை.

அடியில் இருக்கும் பெரிய கண்ணாடி ஒளியைக் குவித்து மேலே அனுப்பும். மேலே நடுவில் நிற்கும் சின்னக் கண்ணாடி அதைத் திருப்பிவிடும். தாங்கும் தகடு தடிமனா இருந்தா ஒளியை மறைக்கும். மெல்லிசா இருந்தா காற்றில் நடுங்கும். கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ, ஒளி அதைப்போல இரண்டு மடங்கு கோணத்தில் விலகிப் போகும். போதாததுக்கு, ராத்திரி குளிரில் உலோகம் வேற சுருங்கும். அதனால் தகட்டின் விளிம்பு வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து, நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள்.

இந்தத் தலைவலியை எல்லாம் இங்கேயே தீர்க்கலாம் என்று இறங்கியவர் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். பையனுக்கு வானம் வீட்டுச் சமாசாரம். 1949-ல் ஹார்வர்டு போன சில மாதங்களிலேயே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பாப்பு-பாக்-நியூகிர்க் என்று பெயர். நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடு ஒன்றின் அகலத்தை வைத்தே அதன் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கலாம் என்று ஓலின் வில்சனும் அவரும் 1957-ல் காட்டியது இன்றும் பாடப்புத்தகத்தில் வில்சன்-பாப்பு விளைவு.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர். அது சூரியனைப் பார்க்கும் இடம். ராத்திரி வானத்துக்கு வேறு இடம் வேணும். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தெற்கு வானமும் நிறையவே தெரியும். அங்கே 1968-ல் கண் திறந்தது 38 செ.மீ. தொலைநோக்கி, நம்மவர்களே செய்தது. 1972-ல் வந்த 1 மீட்டர் கருவி ஜெர்மனியில் வாங்கியது. அடுத்த பெரியதை வாங்காமல் இங்கேயே கட்டணும் என்பதில்தான் பாப்பு பிடிவாதமா நின்றார். 2.3 மீட்டர் கண்ணாடியை பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். வருஷக்கணக்கில் இழுத்த வேலை.

1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் இறந்தபோது அவருக்கு 55 வயது. காவலூரில் வேலை முடிந்திருக்கவில்லை. 1985 நவம்பரில்தான் அந்தக் கண்ணாடியில் முதல் நட்சத்திர ஒளி விழுந்தது. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.